சுவரோடு வேட்டியும் மறைந்துபோகாமல் படத்தின் பின்னணியை நீக்குவது எப்படி: கிம்ப் மென்பொருளுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆவணியில் என் தங்கை மகளுக்குத் திருமங்கலத்தில் காதணி விழா வைத்தோம். மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் தாய்மாமனான என் பொறுப்பு. காலமான எங்கள் அப்பாவின் படம் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பது அம்மா விதித்த ஒரே நிபந்தனை. அப்பா நன்றாகச் சிரித்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு, சுண்ணாம்பு அடித்த எங்கள் வீட்டுச் சுவரின் முன் நிற்கிறார். அந்தச் சுவரை நீக்கி அவரை மெரூன் நிறப் பின்னணியில் நிறுத்த நான் இரண்டு இரவுகள் விழித்திருந்தேன். முதல் முறை அச்சாகி வந்த ஃப்ளெக்ஸில் அவரைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒன்று அப்படியே இருந்தது. இரண்டாம் முறை கடைத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஐயா வேட்டிக்குள்ள மெரூன் தெரியுதே, அடிச்சிரலாமா?" என்று கேட்டதால் அந்த அச்சு தப்பியது.

முதல் முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் அந்த இரண்டு இரவுகளையும் இழக்க வேண்டியதில்லை. கிம்ப் படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள் என்பதால் அதை வைத்தே எழுதியிருக்கிறேன். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்), மாஸ்க் (படத்தின் பகுதியை மறைக்கும் திரை), ஒபாசிட்டி (எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) ஆகியவை பெரும்பாலும் இதே போலத்தான் வேலை செய்யும்; மெனுக்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் அச்சகத்தில் கேளுங்கள்

படத்தின் பின்னணியை வைக்கப் போவது நீங்களா, கடைக்காரரா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முழு வடிவமைப்பையும் நீங்களே செய்து, கடையில் அச்சு மட்டும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், இறுதிக் கோப்பில் ஒளிபுகும் பகுதி, அதாவது பின்னால் இருப்பது தெரியும்படி காலியாக விட்ட இடம், எதுவுமே தேவையில்லை. எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, சாதாரண ஜேபெக் அல்லது டிஃப் கோப்பாகக் கொடுத்துவிடலாம். மாறாக, உங்கள் படத்தைக் கடைக்காரர் தம்முடைய கோரல் டிரா (வடிவமைப்பு மென்பொருள்) கோப்பில் எடுத்து வைக்கப் போகிறார் என்றால் மட்டுமே பின்னணி நீக்கிய பிஎன்ஜி (ஒளிபுகும் இடத்தை அப்படியே காக்கும் கோப்பு வகை) தேவைப்படும். நான் இதைக் கேட்காமல் போனதுதான் முதல் ஃப்ளெக்ஸ் வீணானதற்குக் காரணம். கடையிலேயே பின்னணி போடுவார்கள் என்று தெரியாமல், பின்னணி நீக்கிய அப்பாவை ஜேபெக்காகச் சேமித்துக் கொடுத்தேன். ஜேபெக் வடிவம் ஒளிபுகும் தன்மையை அறியாது. காலியாக விட்ட இடத்தையெல்லாம் ஏதாவது ஒரு நிறத்தால், பெரும்பாலும் வெள்ளையால், நிரப்பிவிடும்.

கூடவே அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். 8 அடிக்கு 6 அடி ஃப்ளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற கணக்கில் செய்தால் படம் 6912 க்கு 5184 புள்ளிகள் வரும். கையில் பிடித்துப் பார்க்கும் ஏ5 அழைப்புப் பத்திரிகைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைத்தால் 1748 க்கு 2480 போதும். அளவைப் பிறகு மாற்றலாம் என்று சிறிதாகத் தொடங்கினால், பெரிதாக்கும்போது நீங்கள் வெட்டிய ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியும்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவையும் செலவும்

மூலப் படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்காதீர்கள். அது சுருக்கப்பட்டு வந்திருக்கும். ஓரங்கள் குழைந்திருப்பதால் எந்தக் கருவியாலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. படம் எடுத்த செல்பேசியிலிருந்தே கம்பி வழியாகவோ, டாக்குமென்ட் என்ற வகையில் அனுப்பச் சொல்லியோ வாங்குங்கள். அச்சிட்ட பழைய படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் செல்பேசியில் படம் பிடிக்காமல் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

மவுஸ் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் டச்பேடில் வேட்டியின் ஓரத்தை வரைய முயன்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நடக்காது. மேலே சொன்ன ஃப்ளெக்ஸ் அளவில் ஒவ்வொரு லேயரும் நினைவகத்தில் ஏறத்தாழ 140 எம்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் மற்ற நிரல்களையெல்லாம் மூடிவிட்டு உட்காருங்கள்.

கிம்புக்குச் செலவு இல்லை. எனக்குக் கடையில் சதுர அடிக்கு 15 ரூபாய் போட்டார்கள். 48 சதுர அடிக்கு 720 ரூபாய். ஒரு முறை வீணானதால் 1440 ஆயிற்று. பின்னணி நீக்கித் தர அதே கடையில் படத்துக்கு 150 ரூபாய் கேட்டார்கள். ஒரே ஒரு படம்தான், அதுவும் பச்சைச் செடியின் முன் கருநீலச் சட்டையோடு எடுத்தது என்றால், அந்த 150 ரூபாயைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நான்கைந்து படங்கள் இருந்தாலோ, என்னைப் போல வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டியும் வாய்த்திருந்தாலோ நீங்களே செய்யுங்கள். அவசரத்தில் இருக்கும் கடையில் யாரும் உங்கள் அப்பாவின் வேட்டிக்காக முக்கால் மணி நேரம் செலவிடமாட்டார்கள்.

3. ஆல்ஃபா சேனலைச் சேருங்கள்

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும், எவ்வளவு பின்னால் இருப்பதைக் காட்டும் என்று சொல்லும் நான்காவது எண்தான் ஆல்ஃபா. 0 என்றால் கண்ணாடி போல முழுவதும் ஊடுருவித் தெரியும். 255 என்றால் எதுவும் தெரியாது. செல்பேசியிலிருந்து வரும் ஜேபெக் படத்தில் இந்த நான்காவது எண் இருக்காது. ஆகவே படத்தைத் திறந்தவுடன் லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதனுள் ஆட் ஆல்ஃபா சேனல் என்பதை அழுத்துங்கள். இதைச் செய்யாமல் அழிப்பானை எடுத்துத் தேய்த்தால் சுவர் மறையாது. அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசியது போல ஆகும். வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை பூசினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்பதால், நான் முதல் இரவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எதையும் நீக்காமல் நீக்கிக்கொண்டிருந்தேன்.

சரியாக நீக்கப்பட்ட இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கக் கட்டங்கள் தெரியும். இணையத்தில் தேடி எடுக்கும் குத்துவிளக்கு, வாழை மரப் படங்களில் இதே கட்டங்கள் படமாகவே வரையப்பட்டு ஏமாற்றுவதும் உண்டு. கிம்பில் திறந்து, கீழே அடர்நிற லேயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். கட்டங்கள் அப்போதும் மறையாமல் இருந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

4. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துத் தேர்ந்தெடுங்கள்

அதிக நேரம் போகும் இடமும், அதிகத் தவறு நடக்கும் இடமும் இதுதான்.

ஃபஸ்ஸி செலக்ட் என்ற கருவி, நீங்கள் தொட்ட புள்ளியின் நிறத்தை ஒத்த, அதனோடு தொடர்ச்சியாக உள்ள புள்ளிகளையெல்லாம் பிடிக்கும். எந்த அளவுக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை த்ரெஷோல்டு என்ற எண் தீர்மானிக்கிறது. நீல வானத்தின் முன் நிற்கும் கோபுரத்துக்கு இது ஒரே சொடுக்கில் வேலையை முடித்துவிடும். ஆனால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டால், சுவரின் வெள்ளையும் வேட்டியின் வெள்ளையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதாவது ஓரிடத்தில் தேர்வு உள்ளே கசிந்து, முழங்காலுக்குக் கீழே வேட்டியை முழுவதுமாக விழுங்கிவிடும். திரையில் வேட்டியும் வெள்ளை, நீக்கியபின் கீழே நான் வைத்திருந்த லேயரும் வெள்ளை. ஓட்டை விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. கடையில் மெரூன் பின்னணி வந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே தேர்வைத் தொடங்கும் முன்பே, படத்துக்குக் கீழே கண்ணை உறுத்தும் கரும்பச்சையிலோ சிவப்பிலோ ஒரு லேயரை நிரப்பி வைத்துவிடுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

வெள்ளைமேல் வெள்ளைக்கு நம்பகமானது பாத்ஸ் கருவி. படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, உருவத்தின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே வாருங்கள். வளைவு வரும் இடத்தில் சொடுக்கியபடியே சிறிது இழுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது இரண்டு வெள்ளையும் ஒன்றல்ல என்பது தெரியவரும். எங்கள் படத்தில் சுவர் சற்று மஞ்சளாகவும், வேட்டியின் மடிப்புகள் நீலச் சாயலோடும் இருந்தன. வேட்டி சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று கோடு போல இறங்கியது. அந்த நிழலைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தேன். கரை இருக்கும் பக்கம் எளிது. கரை மடிந்து மறையும் இடத்தில்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. அப்பா ஒருவருக்கு மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் வைத்தேன். சுற்றி முடித்து என்டர் விசையை அழுத்தினால் கோடு தேர்வாக மாறும்.

கூந்தலுக்கு இந்த வழி ஒத்துவராது. தலைமுடியைப் புள்ளி வைத்து வெட்டினால் அட்டையில் கத்தரித்தது போல இருக்கும். அதற்கு ஃபோர்கிரவுண்ட் செலக்ட் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள்: உருவத்தைச் சுற்றித் தளர்வாக ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பவற்றில் எது உருவம், எது பின்னணி, எந்த இடம் இரண்டும் கலந்தது என்று பூசிக் காட்டினால், மென்பொருள் முடியிழைகளை ஓரளவு பிரித்துத் தரும். தங்கையின் படத்தில் இதுவும் பாதியில் நின்றது. கருங்கூந்தலைச் சரியாகப் பிடித்த கருவி, அதில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைச் சுவர் என்று கருதி நீக்கிவிட்டது. மதுரைக்காரர்கள் படம் எடுத்தால் மல்லிகை இல்லாமல் இருக்காது, ஆகவே இதை எதிர்பார்த்தே இருங்கள். சரத்தை மட்டும் அடுத்த படியில் மாஸ்க் மேல் கையால் மீட்டுக்கொள்ளலாம்.

செல்பேசிச் செயலிகளில் தானாகவே பின்னணி நீக்கும் வசதி உண்டு. பத்திரிகையில் கட்டைவிரல் அளவில் வரும் படங்களுக்கு அவை போதும். பல செயலிகள் இலவசமாகத் தரும் கோப்பு அளவில் சிறியது. 8 அடி ஃப்ளெக்ஸுக்கு ஆகாது.

5. அழிக்காதீர்கள், மாஸ்க் போடுங்கள்

தேர்வு முடிந்ததும் டெலிட் விசையை அழுத்தத்தான் கை போகும். அதை அழுத்தினால் போனது போனதுதான். கோப்பை மூடித் திறந்த பிறகு அன்டூ கூட உதவாது. அதற்குப் பதிலாக லேயர் மெனுவில் மாஸ்க், ஆட் லேயர் மாஸ்க் என்று போய், கேட்கும் பட்டியலில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபஸ்ஸி செலக்டால் உருவத்துக்குப் பதில் பின்னணியைப் பிடித்திருந்தால், அதற்கு முன் செலக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுத்துத் தேர்வை உருவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படத்தின் சிறு உருவத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் இன்னொரு சிறு உருவம் வந்து உட்காரும். அதுதான் மாஸ்க். அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் படம் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பல் நிறத்தில் உள்ள இடத்தில் அதன் அடர்த்திக்கேற்பப் பாதி தெரியும். படம் எந்தச் சேதமும் இல்லாமல் அடியில் அப்படியே இருக்கும்.

இனி திருத்தமெல்லாம் பிரஷ்ஷால்தான். டி விசையை அழுத்தினால் நிறங்கள் கறுப்பும் வெள்ளையுமாகும். எக்ஸ் விசை இரண்டையும் இடம் மாற்றும். ஒட்டியிருக்கும் சுவர்த்துண்டைக் கறுப்பால் மறையுங்கள். தவறிப் போன மல்லிகை மொட்டை வெள்ளையால் மீட்டுக்கொள்ளுங்கள். மொட்டுகளுக்கு ஓரம் மென்மையான சிறு பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு மொட்டையும் நடுவிலிருந்து வெளியே வருவதாகப் பூசினால், ஓரத்தில் சுவரின் மஞ்சள் ஒட்டாமல் நின்றுகொள்ளும்.

இந்தப் படியில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பிரஷ் எடுக்கும் முன் மாஸ்கின் சிறு உருவத்தைச் சொடுக்கி, அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் நீங்கள் பூசும் கறுப்பு மாஸ்கில் போகாமல் ஆளின் முகத்தில் போய் விழும். இரண்டாவது, முந்தைய தேர்வு இன்னும் நீங்காமல் இருந்தால் அதற்கு வெளியே பிரஷ் எதையும் எழுதாது. மென்பொருள் பழுதாகிவிட்டது என்று நான் அதை ஒரு முறை நீக்கி மறுபடி நிறுவியே விட்டேன். செலக்ட் மெனுவில் நன் (None) என்பதைக் கொடுத்தால் தீர்ந்துவிடும். மூன்றாவது, பிரஷ்ஷின் ஒபாசிட்டியை 50 என்று வைத்து ஓரிடத்தில் இரண்டு முறை தனித்தனியாகப் பூசினால் 100 ஆகாது, 75 ஆகும்; மிச்சத்தில் பாதி, அதன் மிச்சத்தில் பாதி என்றுதான் அது குறையும். முழுவதும் மறைய வேண்டிய இடத்தில் 100 வைத்தே பூசுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சுவர் மிச்சமிருந்து, அடர்நிறப் பின்னணியில் புகை போலத் தெரியும்.

6. ஓரத்தில் நிற்கும் வெள்ளைக் கோட்டை நீக்குங்கள்

வெளிர்நிறச் சுவரிலிருந்து பிரித்த உருவத்தை அடர்நிறத்தில் வைத்தால், சுற்றிலும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஐந்தாம் படியில் மாஸ்க் போடும் முன்பே தேர்வைச் சுருக்கிக்கொள்வதுதான் எளிய வழி. செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் கொடுத்து 2 புள்ளிகள் குறையுங்கள். பிறகு ஃபெதர் கொடுத்து 2 புள்ளிகள் மென்மையாக்குங்கள். இவை ஏறத்தாழ 4000 புள்ளி உயரமுள்ள படத்துக்கான எண்கள். சிறிய படத்துக்கு 1 போதும். முடி உள்ள இடத்தில் ஷ்ரிங்க் வேண்டாம், வழுக்கை விழுந்துவிடும்.

7. கோபுரத்தைப் பின்னால் மங்கலாக வைக்க

முழுப் படத்தையும் ஒரே சீராக மங்கலாக்க மாஸ்க் தேவையில்லை. லேயர் பட்டியலின் மேலுள்ள ஒபாசிட்டி எண்ணைக் குறைத்தால் போதும். நான் எழுத்துகளுக்குப் பின்னால் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை வைத்தேன். கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது என்பதால் தெற்குச் சித்திரை வீதியில் காலை வெயிலில் நின்று எடுத்த படம் அது. திரையில் 12 விழுக்காட்டில் மிக அழகாக இருந்த கோபுரம் ஃப்ளெக்ஸில் இருந்த இடமே தெரியவில்லை. திரை தானே ஒளிவிடுவது, ஃப்ளெக்ஸ் அப்படியல்ல. இரண்டாம் முறை 30 வைத்தேன், சரியாக வந்தது. கடையில் கூட்டம் இல்லாத முற்பகலில் போய், இறுதி அச்சுக்கு முன் ஒரு சதுர அடி மட்டும் அடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் பின்னணியில் கரைந்துபோக வேண்டும் என்றால் வெள்ளை மாஸ்க் ஒன்றைப் போட்டு, கிரேடியன்ட் கருவியால் கறுப்பிலிருந்து வெள்ளைக்குக் கீழிருந்து மேலாக இழுங்கள். இழுத்த நீளம்தான் கரையும் தூரம்.

8. கையெழுத்துக்கும் கோட்டோவியத்துக்கும் வேறு வழி

பத்திரிகையின் உச்சியில் அப்பாவின் கணக்கு நோட்டிலிருந்து அவர் கைப்பட இட்ட பிள்ளையார் சுழியை வைத்தோம். மையால் எழுதியதை மாஸ்க் போட்டு வெட்டக் கூடாது. பேனா அழுத்தம் குறையும் இடத்தில் உள்ள மெல்லிய சாயல் போய்விடும். முதலில் வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் தாளை முழு வெள்ளையாக்கிக்கொண்டு, பிறகு லேயர் மெனுவின் டிரான்ஸ்பரன்சியில் உள்ள கலர் டு ஆல்ஃபாவைக் கொடுத்து வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். தாள் மறைந்து மை மட்டும், அதன் அடர்த்தி மாறாமல், மிஞ்சும். தாளை வெள்ளையாக்காமல் செய்தால் பழுப்பு ஏறிய தாள் மெல்லிய திரையாக ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் இந்தக் கருவியை ஆள் படத்துக்குப் பயன்படுத்திவிடாதீர்கள். எல்லா நிறங்களிலும் கலந்திருக்கும் வெள்ளையை அது பிரித்தெடுப்பதால், முகமும் பாதி ஊடுருவித் தெரியும்.

9. சேமிப்பதும் ஒப்படைப்பதும்

கிம்பில் சேவ் என்று கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பு உருவாகும்; லேயர்களும் மாஸ்குகளும் அதில் அப்படியே உயிரோடு இருக்கும். அதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, பெயரின் முடிவில் பிஎன்ஜி என்று போட்டு எடுங்கள். ஜிஐஎஃப் வேண்டாம், அதில் ஒரு புள்ளி முழுவதும் தெரியும் அல்லது முழுவதும் மறையும், இடைப்பட்ட நிலை கிடையாது என்பதால் ஓரமெல்லாம் சொரசொரப்பாகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில், ஒளிபுகும் புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கவா என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழித்த பகுதியை அந்தக் கோப்பிலிருந்து தெரிந்தவர்கள் மீட்டுவிடலாம். மண்டபத்துக்குக் கொடுக்கும் ஆதார் நகலில் எண்ணின் மேல் பாதி ஒளிபுகும் கறுப்பைப் பூசி அனுப்புபவர்களுக்கும் இதையே சொல்வேன்: வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும், எண் மறைக்கப்பட்ட ஆதாரை அதற்குரிய தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

கோப்பைப் பென் டிரைவில் கொண்டு போவது நல்லது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது வழியிலேயே ஜேபெக்காகி, அவ்வளவு பாடுபட்டு நீக்கிய பின்னணி வேறு நிறத்தில் திரும்பி வந்துவிடும்.

நேரக் கணக்கு இது: பழகாத கைக்கு வெள்ளைச் சுவர்ப் படம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம், மூன்றாவது படத்திலிருந்து முக்கால் மணி நேரம், கோபுரத்துக்கும் பிள்ளையார் சுழிக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்கள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரத்தில் ஃப்ளெக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. திருத்தம் சொன்னால் மறுநாள்தான் கிடைக்கும். ஆகவே விழாவுக்கு ஐந்து நாள் முன்பே கோப்பைக் கொண்டுபோய், அவர்கள் பின்னணியில் உங்கள் படத்தை வைத்ததும் திரையைப் பெரிதாக்கச் சொல்லி, வேட்டியின் கீழ் ஓரம், காது மடல், கைவிரல்களின் இடுக்கு, பூச்சரம் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்த பிறகே அச்சுக்குச் சரி சொல்லுங்கள்.